டிக்கெட்டின் பின்பக்கம்

போன வாரம் நானும் சித்தப்பாவும் பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருப்பரங்குன்றம் பஸ் ஏறினோம். 1979-ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்து 2012-ல் ஓய்வு பெற்றவர் அவர். நடுவே 1997-ல் தலைவர்கள், மன்னர்கள் பெயரையெல்லாம் எடுத்தபோது பாண்டியனையும் கழற்றிவிட்டார்கள். ஜனங்கள் தனக்கு வைத்த பெயர்களை மட்டும் யாரும் எடுக்கவில்லை என்பார்.

அப்போது கண்டக்டரின் யோக்கியதையை அளந்தது சில்லறைதான். சில்லறை இல்லாவிட்டால் பாக்கியை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பார். அவசரத்தில் வாங்காமல் இறங்கிப்போனவர் மறுநாள் ஏறியதும் ‘அமுக்கிட்டான்’ என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்வார். சித்தப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. மூன்று வயது ஆனால் அரை டிக்கெட் என்ற காலம். மடியில் இருப்பவனுக்கு இன்னும் மூன்று ஆகவில்லை என்று ஓர் அம்மா சாதிப்பார்; அவனோ கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வருவான். “யக்கா, இந்த வயசுலயே இம்புட்டுப் படிக்கிறானே, கலெக்டர் ஆயிருவான். அரை டிக்கெட் எடுத்துருங்க.” பஸ்ஸே சிரிக்கும். அந்த அம்மா திட்டிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்ப்பார்.

2011 நவம்பரில் கட்டணம் ஏறிய வாரம் வாங்கிய வசவுக்குக் கணக்கே இல்லை. “ஆமாய்யா, ராத்திரி நானும் டிரைவரும்தான் உக்காந்து முடிவு பண்ணோம்” என்றாராம். இரவு டெப்போவில் கலெக்‌ஷன் கட்டிவிட்டு, அன்றைய வசவுகளை மற்ற கண்டக்டர்களுக்கு நடித்துக் காட்டாமல் வீட்டுக்கு வந்ததில்லை.

இந்த பஸ்ஸில் கண்டக்டர் இளைஞர். கையில் மெஷின். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எனக்குக் காசில்லாத சீட்டு ஒன்று கிழித்தார். அடுத்த ஸ்டாப்பில் பஸ் பத்தடி தள்ளி நின்றது. ஓடிவந்து ஏறிய ஒரு பாட்டி, “ஓசிங்கவும் தள்ளி நிறுத்துறீங்களோ?” என்றார். நிறுத்தியது டிரைவர், கேட்டுக்கொண்டது இவர். ஒருவர் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்தார். பதினான்கு வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொன்னது இந்த பஸ்ஸுக்கு வந்து சேரவில்லை போலும். குரல்கள் உயர, பின்சீட்டிலிருந்து ஒரு செல்போன் எழுந்தது. கண்டக்டர் பேசாமல் நோட்டாக மாற்றிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லேன்ப்பா.”

“சொல்லலாம்யா. அவங்க பேசுனதெல்லாம் வெட்டுப்பட்டுரும், நான் பேசுன ஒரு வரி மட்டும் ஊரெல்லாம் சுத்தும். அப்புறம் மெமோ, விளக்கம்... அதான் இதை எடுக்குறதில்ல.” சொல்லிவிட்டு விசிலைத் திரும்ப உதட்டில் கவ்விக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன். நிறுத்தம் வராத நேரத்திலும் விசில் அவர் வாயிலேயேதான் இருந்தது.

திருப்பரங்குன்றம் வந்தது. சித்தப்பாவுக்குப் பாக்கி பத்து ரூபாய். படிக்கட்டருகே நின்று கையை நீட்டினார். கண்டக்டர் ஒரு நாணயத்தை வைத்தார். சித்தப்பா அதைப் புரட்டிப் பார்த்தார்.

“நோட்டா இல்லையாப்பா?”

விசில் அடித்தது.