வெரைட்டி ஹால்: ஊருக்குள் குடியேறிய சினிமா

கோயம்புத்தூர் வெரைட்டி ஹால் ரோட்டுக்குப் பெயர் கொடுத்த தியேட்டரை 1914-ல் கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். பிற்காலத்து ரசிகர்களுக்கு அது ‘டிலைட்’. பழைய கொட்டகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எது முதலாவது என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்தப் பந்தயத்தில் வெரைட்டி ஹால் ஜெயிக்காது. சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜரின் எலக்ட்ரிக் தியேட்டர் 1913-லேயே வந்துவிட்டது. ஆனால் அது சில ஆண்டுகளிலேயே தபால் துறையின் கைக்குப் போய்விட்டது. கோவைத் தியேட்டர் நிலைத்தது. நிலைத்ததால் படம் காட்டும் தொழிலின் கணக்கையே மாற்றியது என்பது என் கட்சி.

வின்சென்ட் திருச்சியில் ரயில்வே டிராஃப்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவர். ஊர் ஊராகப் படம் காட்டிவந்த டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் நோய்வாய்ப்பட்டு நாடு திரும்ப நினைத்தபோது, அவருடைய புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் 1905-ல் விலைக்கு வாங்கினார். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படமும் அதில் இருந்தது. வேலையை உதறிவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். டெண்ட் சினிமாவுக்குக் கையில் கொஞ்சம் சுருள் இருந்தால் போதும். ஓர் ஊர் பார்த்து முடித்ததும் கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊரில் அடித்தால், பழைய படமே அங்கே புதுப் படம். சுவர் எழுப்பி உட்கார்ந்தவருக்கு அந்த வசதி கிடையாது. அதே தெருக்காரர்கள்தான் திரும்பத் திரும்ப வர வேண்டும். பார்த்த படத்துக்கே அவர்கள் எத்தனை முறை காசு கொடுப்பார்கள்? ஆக, படம்தான் மாறியாக வேண்டும். சுருளைச் சொந்தமாக வாங்கி வைத்துப் பிழைத்த காலம் போய், வாடகைக்கு எடுத்துத் திருப்பி அனுப்புகிற விநியோகம் தவிர்க்க முடியாததாயிற்று.

அந்தத் தேவை வின்சென்டைத் தயாரிப்பு வரைக்கும் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் பேசும்படம் எடுக்க ஸ்டுடியோவே இல்லாத 1933-ல், கல்கத்தா பயனியர் கம்பெனியோடு சேர்ந்து, டி.பி. ராஜலட்சுமி நடித்த ‘வள்ளி திருமணம்’ படத்தை எடுத்தார். சீக்கிரமே கோவையிலேயே சென்ட்ரல் ஸ்டுடியோஸ் எழுந்தது. பின்னால் பட்சிராஜாவும் வந்தது.

ஸ்டுடியோக்களைக் கட்டியது மில் பணம்தானே, இதில் கொட்டகைக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். பணம் மில்லிலிருந்து வந்தது உண்மை. பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் மில்கள் பெருகியதும் உண்மை. ஆனால் பஞ்சில் சம்பாதித்தவர்கள் படத்தில் பணம் போடத் துணிய, அந்தத் தொழிலில் வரும்படி உண்டு என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டுமல்லவா? ஒரே ஊர்க்காரர்கள் சலிக்காமல் டிக்கெட் வாங்குவார்கள் என்பதை வெரைட்டி ஹால் அதற்குள் இருபது வருஷமாகக் காட்டியிருந்தது. டூரிங் கொட்டகைகள் அதற்கப்புறமும் பல்லாண்டு ஓடினவே என்பது இன்னொரு ஆட்சேபம். ஓடின. ஆனால் பெரும்பாலும் அவற்றில் ஓடியவை, நகரத்துத் தியேட்டர்களில் ஓடித் தேய்ந்து, கோடு விழுந்து வந்த பிரிண்ட்டுகள்.