வலிப்பு நின்ற பிறகும் சிறுநீரகத்தைக் கவனியுங்கள்
டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்: ஆசிரியர்கள் அறிய வேண்டியவை

தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயருக்குள்ளேயே ஒரு நோயின் வரலாறு இருக்கிறது. 1928-இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. எனவே ஒரு மாணவரின் மருத்துவக் கோப்பில் 'டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்' என்று கண்டால், இப்பகுதியில் பலருக்கும் முதலில் டி.பி.தான் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. 'டியூபர்' என்ற லத்தீன் சொல்லுக்குப் புடைப்பு என்று பொருள். கிழங்குக்கும் அதே சொல்தான். 1880-இல் பிரெஞ்சு மருத்துவர் பூர்ன்வீல், வலிப்பு நோயால் இறந்த ஒரு சிறுமியின் மூளையில் கிழங்கு போன்ற கெட்டியான புடைப்புகளைக் கண்டதால் இப்பெயர் வந்தது. இது தொற்றுநோய் அல்ல, மரபணுக் கோளாறு. பக்கத்தில் உட்காரும் மாணவருக்கு ஒட்டாது.

எப்படி வருகிறது?

பத்தாம் வகுப்பு மரபியல் பாடத்தை நினைவுகூர்வோம். 9-ஆம் குரோமோசோமில் உள்ள டி.எஸ்.சி.1, 16-ஆம் குரோமோசோமில் உள்ள டி.எஸ்.சி.2 ஆகிய இரண்டு மரபணுக்களும் செல்லின் வளர்ச்சிக்குத் தடை போடுபவை. வாகனத்துக்கு பிரேக் எப்படியோ, செல்லுக்கு இவை அப்படி. இவற்றில் ஒன்றில் சடுதிமாற்றம் ஏற்பட்டால் 'எம்டார்' என்னும் வளர்ச்சிப் புரதம் கட்டுப்பாடின்றி வேலை செய்யும். மூளை, தோல், இதயம், சிறுநீரகம், நுரையீரல் என உடலின் பல இடங்களில் கட்டிகள் தோன்றும்.

ஏறத்தாழ 6,000 பிறப்புகளில் ஒருவருக்கு இக்கோளாறு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. ஆனால், மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. சடுதிமாற்றம் அவர்களிடம்தான் புதிதாகத் தோன்றியது. 'சொந்தத்தில் கட்டியதால்தான்' என்றோ, தாயின் குற்றம் என்றோ பேசுவதற்கு இடமே இல்லை.

சிறுநீரகத்தில் என்ன நடக்கிறது?

பெரும்பாலோருக்கு வலிப்பு குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடும். சிறுநீரகக் கட்டிகள் அப்படியல்ல. பள்ளிப் பருவத்தில் ஓசையின்றித் தோன்றி, வளரிளம் பருவத்திலும் அதன் பின்னும் பெரிதாகும். பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இவை வருகின்றன. ரத்தக்குழாய், தசை, கொழுப்பு ஆகிய மூன்றும் கலந்த இக்கட்டிக்கு ஆஞ்சியோமயோலிபோமா என்று பெயர். பொதுவாக இது புற்றுநோய் அல்ல. ஆயினும் இதிலுள்ள ரத்தக்குழாய்கள் பலவீனமானவை. கட்டி 3 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால், அவை வெடித்து உள்ளே ரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது. சிலருக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளும் ரத்தக்கொதிப்பும் வரும். மிகச் சிலருக்கே சிறுநீரகப் புற்றுநோய் ஏற்படுகிறது.

சிக்கல் இங்கேதான். மாத்திரையால் வலிப்பு கட்டுப்பட்டதும், 'இனி ஆஸ்பத்திரி எதற்கு?' என்று குடும்பம் நினைப்பது இயல்பு. கட்டிக்கோ வலியும் இல்லை, அறிகுறியும் இல்லை. அதனால்தான் ஆண்டுதோறும் ரத்த அழுத்தமும் சிறுநீரகச் செயல்பாடும், 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் பார்க்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. இது வாழ்நாள் முழுதும் தொடர வேண்டிய கண்காணிப்பு.

சிகிச்சை உண்டா?

உண்டு. 1964-இல் ஈஸ்டர் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து, இந்தியாவில் படித்துக் கனடாவில் பணியாற்றிய விஞ்ஞானி சுரேந்திர நாத் சேகலும் அவருடைய குழுவினரும் ராபமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தனர். அது தடுக்கும் புரதம் என்பதாலேயே எம்டார் என்ற பெயர் வந்தது. அதன் வழிவந்த எவரோலிமஸ், இந்நோயின் சிறுநீரகக் கட்டிகளுக்காக 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்தை உட்கொள்ளும்வரை கட்டி சுருங்கும். நிறுத்தினால் மீண்டும் வளரக்கூடும். ரத்தம் கசிந்தால், அந்த ரத்தக்குழாயை மட்டும் அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. சிறுநீரகத்தையே அகற்றுவதை முடிந்தவரை தவிர்ப்பார்கள்.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை

நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. ஆனால், மருத்துவர் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்கும் குழந்தையை நாம் தினமும் பார்க்கிறோம்.

• வலிப்பு வரும் குழந்தையின் தோலில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வெளிறிய திட்டுகளோ, மூக்கைச் சுற்றிப் பரு போன்ற சிவந்த புடைப்புகளோ இருந்தால், தேமல், முகப்பரு என்று விட்டுவிட வேண்டாம். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கும் அனுப்பலாம்.

• வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைக் குறியுங்கள். கையில் சாவி கொடுப்பதோ வாயில் எதையும் திணிப்பதோ கூடாது. 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

• நோய் உறுதியான மாணவருக்குத் திடீரென விலாப்பக்கம் கடும் வலி, சிறுநீரில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் அது அவசரநிலை. வயிற்றில் அடிபடக்கூடிய விளையாட்டுகளில் சேர்ப்பதற்கு முன் மருத்துவரின் கருத்தைப் பெறுங்கள்.

• எவரோலிமஸ் உட்கொள்பவர்களுக்கு வாய்ப்புண்ணும் தொற்றும் எளிதில் வரும். மதிய உணவைச் சாப்பிடாமல் வைத்தால் காரணத்தைக் கேளுங்கள்.

• ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிவுத்திறன் இயல்பாகவே இருக்கும். மற்றவர்களுக்குக் கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ இருக்கலாம். நோயின் பெயரைப் பார்த்து முடிவு கட்டாமல், அந்தக் குழந்தையைப் பார்த்துத் திட்டமிடுங்கள். மாற்றுத்திறன் சான்று பெறத் தகுதியிருந்தால், தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு வழிகாட்டுங்கள். முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் தாம்பரம் வட்டாரப் பெற்றோருக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அப்படி ஒரு குழந்தையின் தாய் வந்தால், மதிப்பெண் பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாகக் கிட்னி ஸ்கேன் எப்போது எடுத்தீர்கள், அம்மா?"