இலை நுனி மஞ்சளா? தம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்க!

நெற்பயிரின் இலை நுனி மஞ்சளானால் நம்மில் பலரும் முதலில் சொல்வது, "சத்து பத்தலை." உடனே மீன் அமிலம் தெளிப்போம், எரு கூட்டுவோம். சத்துக் குறைவு என்றால் பயிர் தேறிடும். பாக்டீரியா இலைக்கருகலாக இருந்தால், நோய்க்கு நாமே தீனி போட்டதாகிவிடும். தழைச்சத்து கூடக்கூட இந்த நோய் வேகமெடுக்கும்.

தாம்பரம் தாண்டி மணிமங்கலம், படப்பை பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை கவனமான காலம். காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கையில் இலைகள் உரசிக் காயப்படும். அந்தக் காயம் வழியாகவும், இலை ஓரத்து நுண்துளை வழியாகவும் கிருமி நுழைந்து, நீர் ஓடும் நரம்புக்குள் பெருகும். சில நாள் கழித்துத்தான் நுனியிலிருந்து ஓரமாக, நெளிநெளியாக மஞ்சள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

நான் செய்யும் சோதனை எளிது. மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் இலையைக் குறுக்கே வெட்டுங்கள். வெட்டிய முனை மூழ்கும்படி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி தம்ளரில் நிறுத்துங்கள். அசைக்காமல் பத்து நிமிடம் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல் இழை இறங்கினால் பாக்டீரியாதான். சத்துக் குறைவு என்றால் இழை வராது. வயலில் நாலைந்து இடத்து இலைகளைப் பாருங்கள்.

நட்ட சில வாரத்தில் தூர் வாடினால் குருத்தை இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்தால் தண்டுத்துளைப்பான். வராமல், அடியை அழுத்தும்போது மஞ்சள் கசிவு வந்தால் கிருமி.

உள்ளே போன கிருமியை விரட்ட மருந்தில்லை, பரவாமல் தடுக்கலாம். தழைச்சத்து தரும் எதையும் நிறுத்துங்கள். தேங்கிய நீரை வடியுங்கள், ஆனால் அடுத்த வயலுக்குள் விடாதீர்கள். இலை ஈரமாக இருக்கும்போது வயலில் இறங்காதீர்கள். 20 சதவீத சாணக் கரைசலை வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது: 10 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ புதுச்சாணம் கரைத்து, தெளிந்ததும் வடிகட்டித் தெளிக்கணும். 15 நாள் கழித்து இன்னொரு முறை.

அடுத்த பட்டத்தில் நாற்றின் நுனியைக் கிள்ளி நடாதீர்கள். அந்தக் காயமே கிருமிக்கு வாசல். நோய் வந்த வயலில் விதை எடுக்காதீர்கள். சந்தேகம் தீரலையா, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் இலையைக் காட்டுங்கள். தம்ளரில் இழை தெரிஞ்சா, வாய்க்காலில் உங்களுக்குக் கீழே இருக்கிற வயல்காரருக்கும் அன்னிக்கே சொல்லிடுங்க. உங்க வயல் தண்ணிதான் அவருக்கும் போகுது.