மலைச்சரிவு வீடும் அதன் பின்சுவரும்

கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் வீடு வாங்குபவருக்கு, அறைகளின் நீள அகலம் காட்டும் வரைபடம் மட்டும் போதாது. வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் குறுக்குவெட்டு வரைபடமும் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி மாவட்டத்தில் சரிந்த மண்மேடுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. குறுக்குவெட்டு வரைபடத்தை வலியுறுத்த வேறு காரணம் தேவையில்லை.

சரிவில் வீடு கட்ட, மேற்பக்க மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கத்தில் நிரப்பி மட்டமாக்குவது வழக்கம். வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது வெட்டிய நிலமும் நிரப்பிய மண்ணும் சந்திக்கும் கோடு. அது வீட்டின் நடுவே போனால், நிரப்பிய பக்கம் மட்டும் மெல்ல இறங்கும். கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். புதுப் பெயின்ட் அதைச் சில காலம் மறைக்கும்.

அடுத்தது பின்சுவர். படுக்கையறையோ குசினியோ நேரே மண்மேட்டை ஒட்டியிருந்தால், அந்தச் சுவர் மலையையும் தாங்கியாக வேண்டும். மண்ணைவிட அதற்குப் பெரிய எதிரி நீர். நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. எவ்வளவு நீர் என்பதைப் பொறுத்ததல்ல. ஒரே உயரத்துக்குத் தேநீர் ஊற்றினால், ஒடுங்கிய கிளாசின் அடியிலும் கல்யாண வீட்டு அண்டாவின் அடியிலும் அழுத்தம் ஒன்றே. அண்டாவை அகட்டி அகட்டிக் கண்டி வாவி அளவுக்குக் கொண்டுபோனாலும் கணக்கு மாறாது. சுவருக்கும் மண்ணுக்கும் இடையே விரலளவு இடைவெளியில் 3 மீட்டர் உயரத்துக்கு மழைநீர் தேங்கினால், 3 மீட்டர் ஆழமுள்ள வாவி தள்ளுவது போலவே அது சுவரைத் தள்ளும். அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 தொன். 4 மீட்டர் அகலப் பின்சுவர் முழுவதற்கும் சுமார் 18 தொன். சாதாரணச் செங்கல் சுவர் இதற்கென்று கட்டப்பட்டதல்ல. ஆனால் நீர்மட்டத்தைப் பாதியாக இறக்கினால் தள்ளுவிசை கால்பங்காகி 4.5 தொன்னுக்கு வந்துவிடும். சுவரின் அடியில் வைத்த சில குழாய்த் துளைகளும், அவற்றின் பின்னே கொட்டிய சரளைக் கல்லும் செய்கிற அற்புதம் இதுதான்.

ஆகவே வீடு பார்க்க ஏற்ற நாள் அடைமழை விட்ட மறுநாள். துளைகளில் தெளிந்த நீர் சொட்டினால் நல்லது. காய்ந்து கிடந்தால் அவை அடைபட்டிருக்கலாம். கலங்கல் நீர் வந்தால் பின்னே மண் அரிபடுகிறது. மேட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஆள் நடக்கச் சந்தும், நீர் ஓடக் கானும் விட்ட வரைபடமே சிறந்தது.

வரைபடத்தைக் குடியிருப்பவர் கண்ணால் பார்க்கும் வழக்கம் கண்டிக்குப் புதிதல்ல. கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950களில் வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தை வரையுமுன், அங்கே குடிவரப் போகிறவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து அவர்களின் தேவைகளைக் கேட்டறிந்தார்.

இன்றைய விளம்பரங்கள் ஹந்தானை மலைக் காட்சியையும் கணினி வரைந்த வரவேற்பறையையும் காட்டுகின்றன, பின்சுவரைக் காட்டுவதில்லை. காட்சி நன்றாகத் தெரியும் இடம் பெரும்பாலும் செங்குத்தான இடமே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கையும், உள்ளூராட்சி சபை அங்கீகரித்த வரைபடமும், நேரில் நிற்கும் வீடும் ஒன்றோடொன்று பொருந்திய பிறகே முற்பணம் பற்றிப் பேச வேண்டும்.