சினைக்கன்றின் நோயெதிர்ப்பும் சீம்பாலும்

மஸ்கெலியாப் பகுதியில் மரக்கறி பயிரிடும் உங்களிற் சிலர், எருவுக்காகவும் பாலுக்காகவும் ஓரிரு பசுக்களை வளர்த்து வருகின்றீர்கள். பசு ஈன்றதும், இளங்கொடி விழும்வரை கன்றை மடியில் விடாதிருப்பதும், முதற்பாலைக் கறந்து அடுப்பிலேற்றிவிடுவதும் சில வீடுகளில் வழக்கமாயிருக்கின்றன. இதனாற் கன்றுக்கு நேரும் கேட்டை அறிய வேண்டுமாயின், அது தாயின் வயிற்றிற் கிடந்த காலத்தை முதலில் நோக்குதல் வேண்டும்.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாட்கள். நோயை எதிர்க்கும் உறுப்புக்கள் அதன் முற்பகுதியிலேயே தோன்றிவிடுகின்றன. சுமார் 40ஆம் நாளில் தைமஸ் என்னும் சுரப்பியும், 55ஆம் நாளளவில் என்பு மச்சையும் மண்ணீரலும், 60ஆம் நாளளவில் நிணநீர்க் கணுக்களும் காணப்படும். தன் உடலுக்குரியது எது, அயலானது எது என்று பிரித்தறியவும் கன்று அங்கேயே பழகுகின்றது. 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரே ஓவன், இரட்டைக் கன்றுகளில் ஒன்றின் இரத்தக் கலங்கள் மற்றதன் உடலில் எதிர்ப்பின்றி நிலைத்திருக்கக் கண்டார். கருவில் அவற்றின் இரத்தம் கலந்தமையே காரணம். (காளைக் கன்றோடு இரட்டையாய்ப் பிறந்த கிடேரி பெரும்பாலும் மலடாகும், பாலுக்கென அதனை வளர்த்து ஏமாறாதீர்கள்.)

ஆயினும், புதிய கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளைக் கன்று தானே ஆக்குவதற்குப் பல நாட்கள் செல்லும். மனிதரில் தாயின் பிறபொருளெதிரிகள் கருவிலேயே குழந்தையைச் சேர்கின்றன. கர்ப்பிணிகளுக்கு ஏற்புவலித் தடுப்பூசி இடுவது குழந்தையையும் காப்பது இதனாலேயே. பசுவின் இளங்கொடியோ அவற்றைக் கடக்க விடாது. கன்று தாயின் காப்பு ஏதுமின்றியே தரையில் விழுகின்றது.

அக்குறையைத் தீர்ப்பது சீம்பாலே. யாழ்ப்பாணத்தார் கடும்பு என்பதும் இதனையே. அதிலுள்ள பிறபொருளெதிரிகளைக் கன்றின் குடல் நன்கு ஏற்பது பிறந்த சில மணித்தியாலங்கள் மட்டுமே. 24 மணித்தியாலமளவில் அவ்வழி அடைபட்டுவிடும். எனவே இளங்கொடிக்காகக் காத்திராது, இரண்டு மணித்தியாலத்துள் ஊட்டத் தொடங்குங்கள். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் 12 மணித்தியாலத்துள் இரண்டரை லீற்றர், அதாவது மூன்று போத்தலுக்குச் சற்று மேலாகச் செல்ல வேண்டும். மலைக்குளிரில் நனைந்த கன்று சோர்ந்து ஊட்ட மறுக்கும். அதனை உலர்ந்த சாக்கினால் நன்கு துடைத்து, பாலைக் கறந்த சூட்டோடு சுத்தமான போத்தலிற் கொடுங்கள். கன்று வயிறார உண்டபின் எஞ்சியதை வீட்டார் காய்ச்சி உண்ணத் தடையில்லை.

ஈனுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே கறவையை நிறுத்திவிடுங்கள். இன்றேல் சீம்பால் சிறவாது. 12 மணித்தியாலம் கடந்தும் இளங்கொடி விழாவிடின், கையால் இழுக்காது மிருக வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும்.