இடி விழுந்த பிரிட்ஜும் 51,000 ரூபாவும்: காப்புறுதி நிறுவனம் சொல்வதுதான் இறுதி முடிவா?

2023 ஒக்டோபரில் ஒரு மாலை எமது வீட்டருகே இடி விழுந்தது. மின்சாரம் திரும்பி வந்தபோது பிரிட்ஜ் மட்டும் இயங்கவில்லை. உம்மாவின் இன்சுலின் அதற்குள்தான் இருந்தது. அன்றிரவே அதைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தோம்.

எமது வீட்டுக்கும் தளபாடங்களுக்கும் காப்புறுதி இருந்தது. அதில் இடி, மின்னல் சேதமும் அடங்கும். மதிப்பீட்டாளர் வந்து பார்த்துச் சென்றார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: நட்டஈடு 51,000 ரூபா. 2019இல் 85,000 ரூபாவுக்கு வாங்கிய பிரிட்ஜ். வருடத்துக்கு 10 வீதம் தேய்மானம். நான்கு வருடத்துக்கு 40 வீதம் கழித்தால் 51,000. கூடவே ஒரு படிவமும் வந்தது. அதில் ஒப்பமிட்டால் அதுவே பூரணமான, இறுதியான தீர்வு.

அதே அளவுள்ள பிரிட்ஜ் அப்போது கடையில் 210,000 ரூபா. தினமும் இன்சுலினுக்காக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் நிலையில், கிடைப்பதை வாங்கிக்கொள்வோம் என்றுதான் எனக்கும் தோன்றியது. நல்லவேளை, ஒப்பமிட முன்னர் காப்புறுதிப் பத்திரத்தை முழுமையாக வாசித்தேன்.

அந்தக் கணக்கில் இரண்டு தவறுகள் இருந்தன.

முதலாவது, எமது பத்திரத்தில் தளபாடங்களுக்கு 'ரீஇன்ஸ்டேட்மென்ட் வெல்யூ' என்று இருந்தது. அதாவது, சேதமான பொருளுக்குப் பதிலாக அதே தரத்தில் புதியதொன்றை வாங்கும் செலவு. அதில் தேய்மானம் கழிக்க இடமில்லை.

இரண்டாவது, தேய்மானம் கழிக்கும் பத்திரமாகவே இருந்தாலும், சாதாரணமாக அதை இன்றைய விலையிலிருந்துதான் கழிக்க வேண்டும். பழைய பற்றுச்சீட்டிலிருந்து அல்ல. அப்படிப் பார்த்தால் 210,000இல் 40 வீதம் போக 126,000 வரும். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360 ஐ எட்டியது. அதற்கு முந்திய விலையை வைத்துக் கணக்கிடுவது, அந்த வீழ்ச்சி முழுவதையும் வாடிக்கையாளரின் தலையில் சுமத்துவதாகும்.

நான் படிவத்தில் ஒப்பமிடவில்லை. இரண்டு கடைகளில் எழுத்துமூல கொட்டேஷன் எடுத்தேன். இடியினால்தான் கம்ப்ரசரும் போர்டும் எரிந்தன என்று திருத்துநரிடம் ஒரு அறிக்கை பெற்றேன். பத்திரத்தின் எந்தப் பிரிவைக் காட்டிக் கேட்கிறேன் என்பதைக் குறிப்பிட்டு, கிளைக்கும் தலைமைக் காரியாலயத்துக்கும் கடிதம் அனுப்பினேன். பழுதான பிரிட்ஜைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

மறுமொழியில் அவர்கள் தேய்மானத்தைக் கைவிட்டார்கள். ஆனால் வேறொரு விடயத்தைச் சுட்டிக்காட்டினார்கள், அதில் பிழை என்னுடையது. எமது தளபாடங்களை 10 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தேன். விலைகள் ஏறிய பின் அவற்றின் பெறுமதி 14 இலட்சம். குறைத்துக் காப்புறுதி செய்தால், நட்டஈடும் அதே விகிதத்தில் குறையும். 210,000இல் பதினான்கில் பத்துப் பங்கு 150,000. நாம் பொறுக்க வேண்டிய முதல் 5,000 போக, 145,000 ரூபா கிடைத்தது. 51,000உடன் ஒப்பிட்டால் பெரிய தொகை. ஆனாலும் மீதி 65,000இல் 60,000 என் அசட்டையின் விலை.

நிறுவனம் அசையாவிட்டால் அடுத்த படிகளும் உண்டு. முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட வேண்டும். அதன் பின்னும் திருப்தியில்லை என்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். தகாபுல் எடுத்தவர்களும் இதே வழியில் செல்லலாம். அந்த நிறுவனங்களும் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழேயே இயங்குகின்றன.

எம்மில் பலர் காப்புறுதிப் பத்திரத்தை அலுமாரியில் வைத்துவிட்டு, தவணைப் பணத்தை மட்டும் கட்டி வருகிறோம். இன்றே அதை எடுத்து மூன்று விடயங்களைப் பாருங்கள்: பொருளுக்குப் புதிய விலை தருவார்களா, தேய்மானம் கழிப்பார்களா? காப்புறுதித் தொகை இன்றைய விலைக்குப் போதுமா? முதல் எவ்வளவு நட்டத்தை நீங்களே பொறுக்க வேண்டும்? இவற்றுக்கு விடை தெரியாமல் எந்தப் படிவத்திலும் ஒப்பமிடாதீர்கள்.