பிராட்வே விளக்கணைத்து அஞ்சலி செலுத்திய சீட்டா ரிவேராவைத் தெரியுமா?

ஒரு நாடகக் கலைஞர் மறைந்தால், ஊரில் உள்ள நாடக அரங்குகள் ஒரே நேரத்தில் வாசல் விளக்கை அணைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது, தெரியுமா? நியூயார்க்கின் பிராட்வேயில்தான்! இரவு ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, சரியாக ஒரு நிமிடம், வாசலில் பளபளக்கும் விளக்குகள் அணையும். கையில் டிக்கெட்டோடு வந்தவர்களும், அஞ்சலிக்கென்றே வந்த ரசிகர்களும் நடைபாதையில் அண்ணாந்து நிற்பார்கள். விளக்கு மறுபடி எரிந்ததும் கைதட்டல் கிளம்பும். 2024 பிப்ரவரியில் அந்த ஒரு நிமிடம் மேடை நடிகையும் நடனக்காரியுமான சீட்டா ரிவேராவுக்குக் கிடைத்தது. அவர் ஜனவரி 30 அன்று, 91 வயதில் காலமானார்.

அந்த வழக்கத்தின் பழைய கதை இன்னும் வியப்பு! 1952-ல் ‘தி கிங் அண்ட் ஐ’ இசை நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் நாயகி கெர்ட்ரூட் லாரன்ஸ் இறந்துபோனார். பிராட்வேயிலும் லண்டனிலும் அவருக்காக விளக்குகள் மங்கின. இறுதிச்சடங்கு நடந்த தேவாலயம் நிரம்பி வழிய, ஆயிரக்கணக்கானோர் வெளியே தெருவில் நின்றார்கள். மேடையில் நடனமாட அவர் அணிந்த அதே கவுனோடுதான் அவரை அடக்கம் செய்தார்கள்! யாருக்கு எத்தனை அரங்கில் விளக்கணைப்பது என்பதில் ரசிகர்கள் சண்டையே போடுவார்கள் என்பது தெரியுமா? 2024-ல் கேவின் கிரீல் என்ற நடிகர் 48 வயதில் மறைந்தபோது, எல்லா அரங்குகளிலும் அணைக்கப்போவதில்லை என்று அரங்க உரிமையாளர்கள் முதலில் அறிவித்தார்கள். ரசிகர்கள் கொதித்துப்போய்க் கையெழுத்து வேட்டையில் இறங்க, முடிவு மாறியது. 41 அரங்குகளும் இருண்டன!

சரி, சீட்டாவுக்கு வருவோம். முழுப்பெயர் தொலோரெஸ் கொன்சீட்டா ஃபிகெரோவா தெல் ரிவேரோ. வாஷிங்டனில் 1933-ல் பிறந்தார். அப்பா புவர்ட்டோ ரிக்கோக்காரர், அமெரிக்கக் கடற்படை இசைக்குழுவில் வாசித்தவர், மகளுக்கு 7 வயதாகும்போதே இறந்துவிட்டார். வீட்டில் குதித்துக் குதித்து மேஜையை உடைத்ததால்தான் அம்மா இவரை பாலே வகுப்பில் சேர்த்துவிட்டார், தெரியுமா? பிறகு ஒரு தோழிக்குத் துணையாக நடிகர் தேர்வுக்குப் போனார். வாய்ப்பு கிடைத்ததோ துணைக்குப் போன இவருக்கு!

1957-ல் வந்தது ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’. அதில் அனிட்டா வேடம். இரண்டு தெருக்கும்பல்கள் மோதும் கதை. இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ், எதிரெதிர்க் கும்பலாக நடிப்பவர்கள் ஒத்திகைக்கு வெளியிலும் ஒட்டி உறவாடக் கூடாது என்று கண்டிப்பு காட்டினார். அப்போதுதான் பகை மேடையில் நிஜமாகத் தெரியுமாம். சீட்டா என்ன செய்தார் தெரியுமா? எதிர்க் கும்பலில் நடித்த டோனி மார்டென்டேயையே கல்யாணம் செய்துகொண்டார்! அடுத்த ஆண்டு நாடகத்தை லண்டனுக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டபோது இவர் கர்ப்பிணி. வேறொருவரைப் போட்டுக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர்கள் நினைக்கவில்லை. குழந்தை பிறக்கும்வரை நாடகத்தையே தள்ளிவைத்தார்கள். ஒரு நடிகைக்கு இதைவிடப் பெரிய மரியாதை எது?

ஆனால் அந்த நாடகத்தைப் படமாக எடுத்தபோது? 1961-ல் அனிட்டாவாக நடித்து ஆஸ்கர் வாங்கியவர் ரீட்டா மொரேனோ. 1975-ல் ‘சிகாகோ’ இசை நாடகத்தில் வெல்மா என்ற பாத்திரத்துக்கு முதன்முதலில் உயிர்கொடுத்தவரும் சீட்டாதான். 2002-ல் அது படமானபோது வெல்மாவாக ஆஸ்கர் வாங்கியவர் கேத்தரின் ஜீட்டா-ஜோன்ஸ். சீட்டாவுக்குக் கிடைத்தது சிறைக்காட்சியில் தலைகாட்டும் ஒரு துளி வேடம். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. ஒரு பாத்திரம் எப்படி நடக்கும், எப்படித் திரும்பும், எந்த இடத்தில் இடுப்பை வெட்டும் என்று முதலில் கண்டுபிடித்தவர் ஒருவர், உலகம் திரையில் பார்த்ததோ இன்னொருவரை.

அந்த முதல் ‘சிகாகோ’வுக்கு, பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுப் பரிந்துரை 11, கிடைத்த விருது பூஜ்யம்! அதே நாடகத்தில் இணை நாயகி க்வென் வெர்டனுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, பெரிய விளம்பரமே இல்லாமல் சில வாரங்கள் வந்து ஆடிக்கொடுத்தவர் யார் தெரியுமா? பிரபல நடிகை லைஸா மினெல்லி! பின்னால் 1984-ல் ‘தி ரிங்க்’ நாடகத்தில் சீட்டா அம்மா, லைஸா மகள். சிறந்த நாயகி விருதுக்கு இருவர் பெயரும் போனது, வென்றது அம்மா.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1986-ல் நியூயார்க்கில் இவருடைய காரும் ஒரு டாக்ஸியும் மோதிக்கொண்டன. இடது கால் 12 இடங்களில் முறிந்தது. வயது 53. திருகாணிகளை வைத்துத்தான் எலும்பைச் சேர்த்தார்கள். நடனக்காரியின் கால் அது! நடந்தால் போதும் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். 1993-ல், 60 வயதில், ‘கிஸ் ஆஃப் தி ஸ்பைடர் வுமன்’ நாடகத்தில் அதே காலோடு ஆடி இரண்டாவது டோனி விருதை வாங்கினார். 2015-ல், 82 வயதில், ‘தி விசிட்’ நாடகத்துக்காகப் பத்தாவது முறையாகப் பரிந்துரைக்கப்பட்டார். இடையில் 2009-ல் அதிபர் ஒபாமா கையால் சுதந்திரப் பதக்கம் வேறு.

இன்னொன்று, இதுதான் முக்கியம். 1957-ன் அந்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ மேடையேற்றத்தை முழு நாடகமாக யாரும் படம்பிடித்து வைக்கவில்லை! நாடகம் அரங்கேறிய சில நாளிலேயே பாடல்களை இசைத்தட்டாக்கினார்கள். அதனால் குரல் இருக்கிறது. கூர்ந்து கேட்டால், ஒவ்வொரு வரியின் முடிவையும் அவர் சீண்டுவதுபோல் கொத்தி விடுவதுகூடக் காதில் விழும். ஆட்டம்? அது முழுதாக இருப்பது அன்று அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணில் மட்டும்தான். அன்று 20 வயதில் பார்த்தவருக்கு, சீட்டா போனபோது வயது 86. அதனால்தான் அவர் மறைந்த வாரத்தில் பழைய ரசிகர்கள் எழுதிய ஒவ்வொரு ஞாபகத்தையும் நான் விடாமல் படித்தேன். பாவாடையை எப்படி வீசினார், ஆட்டம் முடிந்து பின்வாசலில் எத்தனை பொறுமையாக நின்று பேசினார் என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் உண்டு.

பிற்கால நாடகங்கள் பலவற்றுக்கு அந்தக் கதி இல்லை. நியூயார்க் லிங்கன் சென்டரில் நிகழ்த்துகலைகளுக்கென்றே ஒரு பொது நூலகம் இருக்கிறது. 1970-லிருந்து மேடை நாடகங்களைப் படம்பிடித்துச் சேமித்து வருகிறார்கள். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, முன்பதிவு செய்து அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். நியூயார்க் போகிறவர்கள் ஒரு பிற்பகலை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்!